இரண்டாவது கேள்வி: அமைச்சரும் அவையும் பொதுப்பணமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகளும், இறுதியில் அவையினரோடு நடந்த உரையாடலும் இங்கே விடப்பட்டுள்ளன.)



நாடாளுமன்ற ஜனநாயகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் பிடிக்காமல் மேடையிலிருந்து இறங்க வேண்டியிருக்கும். அமைப்பாளர்களின் அனுமதியோடு ஒரே ஒரு செய்கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவை உறுப்பினர் ஒருவர் எழுந்து, அரசின் கொள்கையைப் பற்றியோ செலவைப் பற்றியோ அமைச்சரிடம் கேட்கிறார். அமைச்சர் பதில் சொல்லி உட்காருகிறார். உறுப்பினர் மறுபடியும் எழுகிறார். அந்த ‘மறுபடியும்’தான் இன்றைய பேச்சுக்குப் பொருள்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பொதுப்பணத்தின் மீது மக்கள் பிரதிநிதிகளுக்குள்ள அதிகாரம் வாக்கெடுப்பில் இருப்பதாக அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது கேள்வியில் இருக்கிறது. அதிலும் இரண்டாவது கேள்வியில், நாம் துணைக் கேள்வி என்று சொல்கிறோமே, அதில் இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலைத் துறை எழுதிக் கொடுக்கும். அமைச்சர் வாசித்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு அவரே வாய் திறந்தாக வேண்டும். அவையில் சொன்னது பதிவேட்டில் ஏறிவிடும். ஏறியதை இறக்க முடியாது.

1. வாக்கு எங்கே போயிற்று?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 113ஆவது பிரிவு மக்களவைக்கும், 203ஆவது பிரிவு மாநிலப் பேரவைக்கும் மானியக் கோரிக்கையை ஏற்கவும் மறுக்கவும் குறைக்கவும் அதிகாரம் தருகின்றன. படிக்கக் கம்பீரமான வாசகங்கள். ஆனால், வெட்டுத் தீர்மானம் ஒன்று நிறைவேறினால் அரசே ஆட்டம் காணும் என்பதால் பெரும்பான்மை உள்ள எந்த அரசும் அதை நிறைவேற விடுவதில்லை. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா சொன்னபடி வாக்களிக்காத உறுப்பினருக்குப் பதவியே போகலாம். விவாதிக்க நேரம் போதாத கோரிக்கைகளைக் கடைசி நாளில் மொத்தமாகக் கட்டி வாக்குக்கு விடும் கில்லட்டின் முறை வேறு இருக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகங்கள் அத்தனையின் கோரிக்கைகளும் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறின. 2023 மார்ச்சிலும் அதே கதைதான். ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம், கூச்சலுக்கு நடுவே சில நிமிடங்களில் முடிந்துபோயிற்று.

பொதுக் கணக்குக் குழு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல குழுதான். 1967 முதல் மக்களவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே அதற்குத் தலைவராக இருப்பது மரபு. ஆனால் அது பணம் செலவான பிறகு, தணிக்கை அறிக்கை வந்த பிறகு கூடுகிற குழு. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குழுவின் முன்னால் துறைச் செயலாளர்தான் வந்து உட்காருகிறார். கணக்கை ஆராயும் குழு அமைச்சரைச் சாட்சியாக அழைப்பதில்லை என்பது நாடாளுமன்றத்தில் எழுதிவைத்த நடைமுறை.

ஆக, செலவுக்குப் பொறுப்பான அமைச்சரை, அவர் பதவியில் இருக்கும்போதே, நேருக்கு நேர் நிறுத்திக் கேட்க வழக்கமாக வாய்க்கும் இடம் கேள்வி நேரம்தான். கொறடாவின் ஆணை அங்கே செல்லாது. கேள்வி கேட்டதற்காக எவருடைய பதவியும் கட்சித் தாவல் சட்டத்தில் போவதில்லை.

2. வெள்ளைக்காரன் எதைக் கொடுத்தான், எதைக் கொடுக்கவில்லை?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி 1721இல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. தென்கடல் கம்பெனியின் பங்கு மோசடி வெடித்து, அதன் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடிய சமயம். அவர் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று கௌப்பர் பிரபு அரசிடம் கேட்டார். பொதுமக்களின் பணம், ஓடிப்போன காசாளர், வாய் திறக்காத அரசு. கேள்வி பிறந்த வீடே இதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையே கிடையாது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொடுத்தது. ஆனால் சொன்ன பதிலின் மீது விவாதம் கூடாது, தொடர்ந்து கேட்கவும் கூடாது. 1893 பிப்ரவரியில் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் பிங்கா ராஜா எழுப்பியதை முதல் கேள்வியாகச் சொல்வார்கள். அரசு அதிகாரிகள் கிராமங்களுக்கு முகாம் வரும்போது அவர்களுக்குச் சாமான்கள் கொடுத்தே நொடித்துப்போகும் சிறு கடைக்காரர்களின் பாட்டைப் பற்றியது அது. ராஜா கேட்டது மளிகைக் கடைக்காரருக்காக என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

துணைக் கேள்வி 1909இல்தான் வந்தது. அப்போதும் மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டுமே கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று.

முதல் கேள்வியை அனுமதித்துவிட்டு இரண்டாவது கேள்வியை 17 ஆண்டுகள் கையிலேயே வைத்திருந்தார்கள். அதையும் எல்லோருக்கும் திறந்துவிட மேலும் பத்தாண்டு தயங்கினார்கள். ஆள்கிறவனுக்கு எங்கே வலிக்கும் என்பது ஆள்கிறவனுக்குத்தான் சரியாகத் தெரியும்.

3. சத்தியமூர்த்தி கண்டுபிடித்தது

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபை ஒரு விசித்திரமான அவை. பட்ஜெட்டில் ஒரு கோரிக்கையைச் சபை மறுத்தால் கவர்னர் ஜெனரல் தன் அதிகாரத்தால் அதை மீட்டுக்கொள்ளலாம். அரசுத் தரப்பில் உட்கார்ந்திருந்த நிர்வாகக் கவுன்சிலர்களைச் சபையால் நீக்கவும் முடியாது. தோற்கடித்தாலும் தோற்காத அரசு அது.

1934ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று அந்த அவைக்குள் போனார் திருமயத்துக்காரரான எஸ். சத்தியமூர்த்தி. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். சென்னை மேயராக இருந்தவர் என்பதும் காமராஜருக்கு வழிகாட்டியவர் என்பதும் பள்ளிப் பாடத்தில் வந்துவிட்டன. டெல்லியில் அவர் செய்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. துணைக் கேள்விகளுக்காகவே பெயர் எடுத்தவர் அவர். கேள்வி நேரத்துக்கே அவர் ஒரு பயங்கரம் என்று அன்றைக்குச் சொன்னார்கள்.

வாக்கு செல்லாத அவையில் கேள்வி செல்லுபடியாகும் என்பதை அவர் கண்டுகொண்டார். கோரிக்கையை மறுத்தால் கவர்னர் ஜெனரல் ஒரு கையெழுத்தில் மீட்டுவிடுவார். அதே செலவைப் பற்றிய கேள்விக்கு உள்துறை உறுப்பினரோ நிதி உறுப்பினரோ சொல்லிவிட்ட பதிலை எந்தக் கையெழுத்தும் மீட்காது. மறுநாள் அது பத்திரிகையில் இருக்கும். அரசியல் மேடையில் உரை வீச்சுக்குப் பேர்போன மனிதர், அவையில் ஒற்றை வரிக் கேள்விகளால் வேலை செய்தார். மேடைப் பேச்சைக் கொண்டாடும் நம் தமிழ்நாட்டில் அவருடைய இந்த இரண்டாவது திறமைக்கு வாரிசுகள் குறைவாகவே வந்தார்கள்.

4. ஒன்றேகால் கோடியும் ஒரு நிதியமைச்சரும்

இப்போது சுதந்திர இந்தியாவுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, எல்.ஐ.சி. பிறந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் அந்த நிறுவனம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. ஜெஸ்ஸப், ரிச்சர்ட்சன் அண்ட் கிரட்டாஸ், கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் போன்றவை அவற்றில் அடக்கம். பங்குச் சந்தையில் வாங்கியிருந்தால் ஒரு கணக்கு. இது முந்த்ராவிடமே நேரடியாகப் பேசி முடித்த பேரம். எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை. அந்த மனிதர் அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார் என்பது சந்தையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

1957 செப்டம்பரில் மக்களவையில் இதைப் பற்றிய முதல் கேள்வி வந்தது. ராம் சுபக் சிங் கேட்டார். ஆளுங்கட்சிக்காரர். மேலோட்டமான பதில்தான் கிடைத்தது. பெரும்பாலான கேள்விகள் இந்த இடத்தில் செத்துவிடுகின்றன. கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று, தொகுதிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கேள்வி சாகவில்லை. நவம்பரில் மறுபடி வந்தது. டிசம்பர் 16ஆம் தேதி விவாதமாக வந்தபோது ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி எழுந்தார். அவரும் ஆளுங்கட்சி, போதாததற்குப் பிரதமர் நேருவின் மருமகன். எந்த நிறுவனத்தின் பங்கு, என்ன விலை, அன்றைய சந்தை நிலவரம் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நிதியமைச்சகத்துக்கும் எல்.ஐ.சி.க்கும் நடந்த கடிதப் போக்குவரத்தும் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று நிதியமைச்சராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, கூர்மையான அறிவாளி, அவையில் யாரும் எளிதில் மடக்க முடியாதவர்.

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒருநபர் ஆணையமாக அரசு நியமித்தது. விசாரணை பம்பாயில் பகிரங்கமாக நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். பிப்ரவரி 10ஆம் தேதி அறிக்கை வந்துவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை! இன்றைய விசாரணை ஆணையங்கள் வாங்கும் கால நீட்டிப்புகளை அறிந்தவர்கள் இந்தத் தேதிகளை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அந்த ஒப்பந்தத்துக்கு நான் ஒப்புதல் தரவில்லை, என் செயலாளர் செய்தது என்பதுதான் அமைச்சரின் வாதம். சாக்ளா அதை ஏற்கவில்லை. துறையில் நடப்பதற்கு அமைச்சரே முழுப் பொறுப்பு. அதிகாரியின் தோளில் இறக்கிவைக்க முடியாது என்றார். டி.டி.கே. அந்த மாதமே பதவி விலகினார். அறிக்கையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த இடத்தைத்தான். என் பார்வையில் அதைவிட முக்கியமானது வேறொன்று. அமைச்சர்கள் தொடக்கத்திலேயே நாடாளுமன்றத்தை நம்பி முழு விவரத்தையும் அதன் முன் வைக்க வேண்டும். அப்படி வைக்காமல், பிற்பாடு வேறு வழிகளில் அவைக்கு விவரம் தெரியவரும்போதுதான் சங்கடம் நேர்கிறது என்று சாக்ளா எழுதினார். முதல் கேள்விக்கே நேராகப் பதில் சொல்லியிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது என்பதை ஒரு நீதிபதி இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

ஒரு பக்கச் செய்தி. 1951இல் எச்.ஜி. முத்கல் என்ற உறுப்பினர் பம்பாய்த் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவையில் கேள்வி கேட்டதாகப் புகார் வந்தது. விசாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் இதே டி.டி.கே. கேள்வியை விற்பது அவையின் கண்ணியத்தை விற்பது என்ற நிலையை நாடாளுமன்றம் அன்று எடுத்தது. வெளியேற்றப்படுவதற்கு முன் முத்கல் தாமே விலகிக்கொண்டார். 2005 டிசம்பரில் அதே குற்றத்துக்காக இரு அவைகளிலும் சேர்த்து 11 பேர் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். கேள்விக்கு விலை இருக்கிறது என்று வணிகர்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். வாக்களித்த நாம்தான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

பெரோஸ் காந்திக்கு நாம் இன்னொரு கடனும் பட்டிருக்கிறோம். அவையில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டம், அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. முந்த்ரா விவகாரம் மக்களிடம் போய்ச் சேர்ந்ததில் அந்தச் சட்டத்துக்குப் பங்குண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அதை ரத்து செய்தார்கள். 1977இல் அது மீண்டும் வந்தது.

5. கேள்வி வந்தால் என்ன நடக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் கேள்வி நேரம் இரண்டு பேர் எழுந்து உட்காரும் காட்சிதான். உள்ளே நடப்பது வேறு. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்காக 20 நட்சத்திரக் கேள்விகளும், எழுத்து விடைக்காக 230 கேள்விகளும் குலுக்கல் முறையில் தேர்வாகின்றன. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் கேள்வி அமைச்சகத்திலிருந்து துறைத் தலைமைக்கும், அங்கிருந்து மாநிலங்களுக்கும் கீழே உள்ள அலுவலகங்களுக்கும் பயணப்படுகிறது. பல மாதங்களாகத் தூங்கிய கோப்பு எழுந்து உட்காருகிறது. அவசரமாகப் புள்ளிவிவரம் கேட்டுத் தொலைபேசிகள் ஒலிக்கின்றன.

பதிலோடு சேர்த்து இன்னொரு கட்டையும் அதிகாரிகள் தயாரிப்பார்கள்: என்னென்ன துணைக் கேள்விகள் வரலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்லலாம் என்ற குறிப்புகள். பல நேரங்களில் பதில் ஒரு பக்கம்தான். குறிப்புக் கட்டு அதைப்போல் பல மடங்கு. கேள்வி நேரத்தன்று அதிகாரிகள் மாடத்தில் செயலாளரும் இணைச் செயலாளரும் உட்கார்ந்திருப்பார்கள். அமைச்சர் தடுமாறினால் துண்டுச் சீட்டு போகும். நிர்வாகம் எதற்குப் பயப்படுகிறது என்று தெரிய வேண்டுமா? அந்தக் குறிப்புக் கட்டின் கனத்தைப் பார்த்தால் போதும்.

துணைக் கேள்வியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை 2020 செப்டம்பரில் பார்த்தோம். கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தை நீக்கிவிட்டு, எழுத்து விடைகளை மட்டும் அனுமதித்தார்கள். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா என்று கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதியது. எழுத்து விடை அங்கே முடிந்துவிடும். ‘ஏன் பராமரிக்கவில்லை? பராமரிக்க வேண்டாம் என்று யார் முடிவு செய்தது?’ என்று எழுந்து கேட்க ஒருவருக்கும் வாய்ப்பில்லை.

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக மாட்டேன். கேள்வி நேரத்தை அதிகமாக விழுங்கியது அமளி. அவையின் நடுவே திரண்டு முழக்கமிட்டு அந்த ஒரு மணி நேரத்தை முடக்குவதை எல்லாக் கட்சிகளும் எதிர்க்கட்சியாக இருந்தபோது செய்திருக்கின்றன. காலை அமளிக்குத் தப்பட்டும் என்றுதான் 2014இல் மாநிலங்களவை தன் கேள்வி நேரத்தைப் பகல் 12 மணிக்கு மாற்றியது. அமளியும் கூடவே 12 மணிக்கு வந்து சேர்ந்தது. அமைச்சருக்கு அன்றைக்கு நிம்மதி. வாசிக்க வேண்டிய பதில் மேசையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும். கேள்வி நேரத்தை முடக்கும் எதிர்க்கட்சி அரசுக்கு உதவிதான் செய்கிறது. மக்களவைப் பட்டியலில் இருந்த 20 கேள்விகளும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளப்பட்டன என்று 2019 நவம்பரில் பத்திரிகைகள் தனிச் செய்தி போட்டன. 1972க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

6. நம் பேரவைக்குள்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். பார்த்தவர்களுக்கு அங்கே ஓடும் கேள்விகளின் அச்சும் பழகியிருக்கும். இன்ன ஊராட்சியில் தடுப்பணை கட்ட அரசு ஆவன செய்யுமா? அமைச்சர்: நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். பிறகு உறுப்பினர் எழுந்து, தலைவர்களுக்கு நன்றி சொல்லி, தொகுதியின் பெருமையைச் சொல்லி, பக்கத்து ஊருக்கும் ஒரு தடுப்பணை கேட்பார். அமைச்சர்: உறுப்பினரின் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.

தொகுதிக்குக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்காகத்தான் மக்கள் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அது மனு. மனுவுக்குக் கருணை கிடைக்கும், கணக்குக் கிடைக்காது. அதே தடுப்பணையை வேறு விதமாகக் கேட்கலாம். மாவட்டத்தில் தடுப்பணைகளுக்குச் சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, திருப்பி ஒப்படைத்தது எவ்வளவு? இது முதல் கேள்வி. பதில் வந்ததும் துணைக் கேள்வி: செலவில் மார்ச் மாதத்தில் மட்டும் ஆனது எவ்வளவு? நிதியாண்டு முடியும் மாதத்தில் செலவைக் குவிப்பது நம் துறைகளின் நெடுநாள் நோய். தணிக்கை அறிக்கைகள் ஓயாமல் சுட்டிக்காட்டுவது. அடுத்து இன்னோர் உறுப்பினர் கேட்கலாம்: செலவாகக் காட்டிய தொகை பணி முடித்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா, தனி வைப்புக் கணக்கில் கிடக்கிறதா? பயன்பாட்டுச் சான்றிதழ் வந்துவிட்டதா? மூன்று பேர், மூன்று வரி. இதற்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் சொல்ல முடியாது.

மானியக் கோரிக்கை விவாதத்திலும் இதே குறைதான். பதிலுரையின் முடிவில் அமைச்சர் புதிய அறிவிப்புகளை வரிசையாக வாசிப்பார். மறுநாள் தலைப்புச் செய்தி அவைதான். சென்ற ஆண்டு வாசித்த அறிவிப்புகள் எந்த நிலையில் உள்ளன என்பது கொள்கை விளக்கக் குறிப்பின் பக்கங்களில் சிதறிக் கிடக்கும். அதைத் தேடிப் பிடித்துக் கேட்கிற உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்னொரு வழியும் இருக்கிறது: பேரவை விதி 110. அதன்கீழ் அமைச்சர் ஓர் அறிக்கை வாசித்தால் அதன் மீது விவாதம் கிடையாது. கோடிக்கணக்கில் செலவாகும் திட்டங்களை முதலமைச்சர்கள் இந்த விதியின்கீழ் அறிவித்திருக்கிறார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் பயன்படுத்திய வழி என்பதால் இரண்டுமே அதை மாற்றத் துடிப்பதில்லை. பணம் செலவாகப் போவதை அவைக்குள் அறிவிக்கிற அரசு, அவையின் கேள்வியையும் அங்கேயே ஏற்க வேண்டும். விதி 110 அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் கட்சிக்கு ஒருவராவது விளக்கம் கேட்கலாம் என்று விதியைத் திருத்துவது ஒரு நாள் வேலை.

‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ போன்ற பதில்களை அமைச்சர்கள் தப்பிக்கும் வாசலாக நினைக்கிறார்கள். விதிப்படி அவை தப்பும் வாசல்கள் அல்ல. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. நம் பேரவையிலும் அப்படியொரு குழு உண்டு. இன்னின்ன சொற்களை அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி என்று டெல்லியில் பட்டியலே வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்குள்ள விதி. நடப்பில் பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. கைவிட அனுமதிக்குமாறு அமைச்சகங்களே குழுவுக்கு எழுதுகின்றன. குழுவை எழுப்பிவிட வேண்டியவர் கேள்வி கேட்ட உறுப்பினர்தான். அவர் கேட்டதையே மறந்திருந்தால் குழு என்ன செய்யும்?

7. கேட்கும் உரிமை யாருடையது?

கடைசியாக ஒன்று. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஞ) பிரிவின்கீழ் ஒரு வரி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. அவை உறுப்பினரின் கேள்வி உரிமையையும் தெருவில் நிற்கும் குடிமகனின் கேள்வி உரிமையையும் ஒரே தராசில் வைத்த வரி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி, அந்த வரியை எடுத்துவிட்டது. குடிமகனின் வழி குறுகியிருக்கிறது. உறுப்பினரின் வழி இன்னும் அப்படியே திறந்திருக்கிறது. ஆகவே உறுப்பினரை நாம் முன்னைவிட அதிகமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் ஒவ்வோர் உறுப்பினரும் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கிடைக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் சென்ற கூட்டத்தொடரில் கேட்டவற்றை எடுத்துப் படியுங்கள். எந்த விடை நழுவுகிறது, எந்த விடையில் ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான அடுத்த கேள்வியை நீங்களே எழுதி, விதிகளுக்கு உட்பட்டு, வசையும் வாதமும் கலக்காமல், அவருக்கு அனுப்புங்கள். அவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்க்க வேண்டாம். அறிவிப்புக்கு 15 முழு நாட்கள் வேண்டும். உங்கள் கடிதம் அதற்கு முன்பே அவர் கையில் இருக்கட்டும்.